பல்பு தெரியாத கண்ணாடி

சூரியனைப் பார்க்கக் கண்ணாடி வேண்டுமென்றால் வெல்டர் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். அந்தக் குடியிருப்பில் இதை யாரும் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்யவில்லை. முழுக் கிரகணம் இந்தத் தடவை நம் தலைக்கு நேர் மேலேயே வருகிறது, பட்டப்பகலில் இருட்டப் போகிறது என்று செய்தி வந்த அன்றே, மாடிப்படியில் நின்று பஸ் டிரைவர் சொல்லிவிட்டார்.

"கடையில விக்கிற அட்டைக் கண்ணாடியெல்லாம் நம்பாதீங்க. கீழ் வீட்டுல ஒருத்தர் தினமும் சூரியனக் கையில பிடிச்சிக்கிட்டு வேலை பாக்குறாரு. அவர விட்டா வேற ஆளு யாரு?"

வெல்டரும் சிரித்தபடி தலையாட்டினார். முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

அவருக்குக் கண்ணின் நடுப்பகுதி போய்விட்டிருந்தது. முழுக் குருடு இல்லை. ஓரம் மட்டும் மிச்சம் இருந்தது. எதை நேராகப் பார்க்கிறாரோ அது இருக்காது. அந்த இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு நிற்கும். கண்ணை நகர்த்தினால் திட்டும் கூடவே நகரும். கடிகாரத்தைப் பார்த்தால் சுற்றிலும் எண்கள் இருக்கும், முள் இருக்காது. தட்டைப் பார்த்தால் விளிம்பு இருக்கும், சாப்பாடு இருக்காது. ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கப் பழகிக்கொண்டார். அப்படிப் பார்த்தால் கலங்கலாக ஏதோ தெரியும்.

இது தொழில் கொடுத்தது. இரண்டு இரும்பைச் சேர்த்துப் பிடித்து, முழுசாகப் பற்ற வைக்கும் முன், இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று பொட்டு வைப்பார்கள். டேக் அடிப்பது என்பார்கள். ஒவ்வொரு பொட்டுக்கும் முகமூடியை இறக்கி ஏற்றினால் வேலை ஓடாது. அதனால் வெல்டிங் ராடைக் குறி பார்த்து வைத்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு அடிப்பார்கள். எல்லா வெல்டரும் செய்வதுதான். கண்ணை மூடிவிட்டால் போதும் என்பது அந்தத் தொழிலின் நம்பிக்கை. இமை மூடுவதற்கு முன்னால் பொறி கிளம்பிவிடும் தடவைகளை யாரும் கணக்கில் வைப்பதில்லை. சாயங்காலம் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் இருக்கும். ஈரத்துணி போட்டுப் படுத்தால் காலையில் சரியாகிவிடும். கல்யாணத்துக்கு முந்தியிலிருந்தே அவருக்குக் காலையில் சரியாகிக்கொண்டே வந்தது. ஒரு காலையில் ஆகவில்லை.

ராடு வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தனியாகக் கண் டாக்டரிடம் போனார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். பவர் கண்ணாடியும் உதவாது, ஆபரேஷனும் உதவாது, இருக்கிற ஓரத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். வெல்டர் வெளியே வந்து, நிஜமாகவே ராடு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் சொல்லவில்லை. பட்டறையில் ஒருவனுக்கு மட்டும் தெரியும். கட்டையன் என்பது அவன் பெயர். நிலைப்படியில் குனியாமல் நுழைய முடியாத உயரம், அதனால்தான் அந்தப் பெயர். இவரோடு சேர்ந்து இரும்பு பிடிப்பவன். ஒருநாள் இவர் சுண்ணக்கட்டிக் கோட்டை விட்டு விரல்கடை தூரம் தள்ளிப் பற்ற வைத்துக்கொண்டே போனதைப் பார்த்தான். மறுநாளிலிருந்து அந்தக் கோட்டை இரண்டு மடங்கு தடிமனாகப் போட ஆரம்பித்தான்.

வெல்டரின் மனைவி ஒரு பெரிய சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பிரிவில் வேலை பார்த்தாள். ஓட்டல் விரிப்புகள், ஆஸ்பத்திரி அங்கிகள், சட்டைகள். எதையும் நம்பாத பொம்பளை. மடித்து அடுக்கும் முன் ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பாள்: கறை, காந்தல், ஓட்டை. அவளுக்குப் புருஷன்மேல் கொஞ்ச நாளாக ஒரு கசப்பு இருந்தது. அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. பேசினால் காதைப் பார்க்கிறார். கேட்டால் கதவைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்கிறார்.

"இங்க நான் இருக்கேன்," என்று ஒருநாள் அவர் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "மூஞ்சியப் பாத்துப் பேசுங்க. அப்படி என்ன என் மூஞ்சி கசந்து போச்சு?"

அவள் நேராகத் திருப்பிவிட்டதும் அவள் முகம் காணாமல் போய்விட்டது. அவர் கண்ணை மறுபடி கதவுப் பக்கம் நகர்த்தினார். அவள் அதைத் தனக்குத் தெரிந்த விதத்தில் அர்த்தப்படுத்திக்கொண்டாள். வேறு எவளாவது இருக்கிறாளோ என்றுகூட யோசித்து, அந்த யோசனைக்கே சிரிப்பு வந்து விட்டுவிட்டாள். இரும்புத் தூளும் வியர்வையுமாக வருகிற மனுஷனை எவள் சீந்துவாள். ஆனால் கசப்பு போகவில்லை. படுக்கையை அறையின் இரண்டு ஓரத்தில் போட ஆரம்பித்திருந்தார்கள்.

கிரகணச் செய்தி வந்த பிறகு மகள் போன் செய்தாள். அவள் இருக்கும் ஊரில் அரைகுறையாகத்தான் தெரியுமாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அங்கே வருகிறோம் என்றாள். பேத்தியை வால் என்றுதான் கூப்பிடுவார்கள். வால் போனைப் பிடுங்கி, தாத்தா செய்கிற கண்ணாடிதான் வேண்டும், யாருக்கும் செய்யாத அளவு பெரிசாக வேண்டும், பக்கத்தில் நீதான் நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பேசினார்கள். யார் எங்கே படுப்பது, மொட்டை மாடியில் என்ன விரிப்பது, மேகம் வந்தால் என்ன செய்வது. மேகத்துக்கு நான் பொறுப்பில்லை என்றார் அவர். எதுக்குத்தான் நீங்க பொறுப்பு என்றாள் அவள். கோபமாக இல்லை.

பட்டறை முதலாளி ஒரு பழைய அட்டைப்பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். மிச்சம் மீதிக் கண்ணாடிகள். வெல்டிங் முகமூடிக்கு உள்ளது கருங்கண்ணாடி. கேஸ் கட்டிங்குக்கு உள்ளது வெளிர்ப் பச்சை. அதைப் போட்டுக்கொண்டு சூரியனைப் பார்த்தால் கண் அவிந்துவிடும். அந்தப் பட்டறையில் இரண்டும் ஒரே அளவு. மூலையில் எண் பொறித்திருக்கும். அந்த எண் வெல்டர் கண்ணுக்குத் தெரிந்து வெகுநாளாகிறது.

ஆனால் எண் இல்லாமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அவர் தொழில் கற்ற நாளிலிருந்து பார்த்து வருவது. கண்ணாடியைக் கண்ணில் வைத்து, எரிகிற பல்பைப் பார்க்க வேண்டும். பல்பு தெரிந்தால் கட்டிங் கண்ணாடி. தெரியாவிட்டால் கருங்கண்ணாடி.

சாயங்காலம் வேலை முடிந்து வந்து, பல்புக்குக் கீழே உட்கார்ந்தார். மனைவி மாவில் பசை காய்ச்சிக் கொடுத்தாள். பழைய செருப்புப் பெட்டிகளை வெட்டிச் சட்டம் செய்தார். விரல்களுக்குக் கண் தேவைப்படவில்லை. ஒவ்வொரு கண்ணாடியாக எடுத்து, துடைத்து, கண்ணில் வைத்து, பல்பைப் பார்த்தார். பல்பு தெரியவில்லை. சரி என்றார். அடுத்தது. சரி. அடுத்தது. சரி. பெட்டி முழுக்கச் சரியாக இருந்தது.

"ஒண்ணுகூடவா கழியல?" என்றாள் அவள்.

"முதலாளி நல்லதாப் பாத்துக் குடுத்திருக்காரு."

"உங்க முதலாளியா?"

அவர் சிரித்தார். அவளும் பசைக்கையோடு சிரித்தாள். வாலுக்கு என்று இரண்டு கண்ணையும் மறைக்கிற மாதிரிப் பெரிய சட்டம் ஒன்று செய்து, அதன் ஓரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு வால் வரைந்தார். அந்தக் கோடு சட்டத்தைத் தாண்டிக் கண்ணாடிமேல் ஓடியிருந்தது. வேண்டுமென்றுதான் அப்படி வரைந்தார் என்று அவள் நினைத்தாள். பஸ் டிரைவர் வீட்டுக்கு, மாடி வீடுகளுக்கு எல்லாம் அன்றைக்கே கொடுத்தாகிவிட்டது. டிரைவர் வாங்கிக்கொண்டு, இதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸை ஓட்டினால் எதிரே வருகிறவன் தெரியமாட்டான், நிம்மதியாக ஓட்டலாம் என்றார்.

கிரகணத்துக்கு முந்தின நாள், கூட வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்க அவள் நாலைந்தைப் பையில் போட்டுக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போனாள். டீ நேரத்தில் எடுத்தாள். கொடுக்கும் முன், பழக்க தோஷம், ஒன்றைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.

கூரையில் டியூப்லைட் பச்சையாக, அச்சு அசலாக எரிந்தது. அதில் செத்து ஒட்டிக்கிடந்த பூச்சிகூடத் தெரிந்தது.

அடுத்ததைப் பார்த்தாள். இருட்டு. அதற்கடுத்தது இருட்டு. அதற்கடுத்ததில் மறுபடியும் டியூப்லைட். அவள் அதை இறக்கவில்லை. என்னக்கா, என்ன தெரியுது என்று பக்கத்தில் நின்றவள் கேட்டாள். பசை சரியாக ஒட்டவில்லை, நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி எல்லாவற்றையும் பையில் போட்டாள். வயிறு சரியில்லை என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

முதலில் கோபம்தான். கவனமில்லாத மனுஷன், பேச்சு சுவாரசியத்தில் பார்க்காமல் ஒட்டிவிட்டான் என்று திட்டிக்கொண்டே நடந்தாள். ஆனால் அவர் ஒவ்வொன்றையும் பார்த்தார். அவள் பக்கத்தில் இருந்து பார்த்தாள். பல்பைப் பார்த்தார், சரி என்றார். பட்டறைத் தெரு திரும்பும்போது அவள் நடை மெதுவாகிவிட்டது.

பட்டறை வாசலில் வெட்டி அடுக்கிய குழாய்களும், பாதி முடிந்த ஒரு தண்ணீர்த் தொட்டியும் கிடந்தன. உள்ளே அவளை யாரும் கவனிக்கவில்லை. வெல்டர் குந்தி உட்கார்ந்து தொட்டியின் மூலையைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். தலை வேலையைப் பார்த்து இல்லை. கோழி பார்ப்பதுபோல் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. கட்டையன் தன் முகமூடிக்குள்ளிருந்து, வெல்டரின் முழங்கையில் இரண்டு விரலை வைத்து, முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"இடது. இன்னும் கொஞ்சம் இடது. கீழ. ம், போங்க. போங்க அண்ணே."

ராடு தீர்ந்தது. கட்டையன் அடுத்த தகட்டைத் தூக்கிப் பொருத்தினான். வெல்டர் தலையை அப்படியும் இப்படியும் சாய்த்தார்.

"இன்னும் தள்ளு. இன்னும். அங்கயே நில்லு."

அவன் அங்கேயே நின்றான். வெல்டர் கையால் தடவி மூலையைக் கண்டுபிடித்து, ராடை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு டேக் அடித்தார். குறி பார்க்கவே உதவாத கண்ணை அவர் இன்னும் மூடினார்.

கட்டையன் முகமூடியைத் தூக்கியபோது அவளைப் பார்த்துவிட்டான். வாயைத் திறந்தான். அவள் விரலை உதட்டில் வைத்தாள். அவன் தலை குனிந்தான். அவ்வளவு உயரமான ஆள் தலை குனிந்து நிற்பது பார்க்க நன்றாக இல்லை. அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவர் வந்தபோது மீதிக் கண்ணாடிகளைத் தரையில் பரப்பி வைத்திருந்தாள். இரண்டு வரிசை.

அவர் செருப்பைக் கழற்றினார். தரையில் ஏதோ இருப்பது ஓரத்தில் தெரிந்திருக்க வேண்டும். மிதிக்காமல் சுற்றி வந்தார்.

"இது என்ன?"

"இந்தப் பக்கம் இருக்கறதுல பல்பு தெரியல. அந்தப் பக்கம் இருக்கறதுல பல்பு தெரியுது." அவள் குரல் ஏறவில்லை. "வாலோடது எந்தப் பக்கம்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அவர் உட்கார்ந்தார். கையை நீட்டி, பெரிய சட்டத்தைத் தடவித் தேடினார். அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. கிடைத்தது. எந்த வரிசையில் கிடைத்தது என்பது அவருக்குப் புரிந்தது. அதைக் கண்ணில் வைக்கவில்லை. மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"வால் இதக் கண்ணுல வச்சிருக்கும்," என்றார்.

பிறகு அவராகவே எல்லாவற்றையும் சொன்னார். திட்டு எப்போது வந்தது, டாக்டர் என்ன சொன்னார், கட்டையன் என்ன செய்கிறான், போன மாதம் ஒழுகிய தொட்டியை யார் பற்ற வைத்தது. பழுதான இயந்திரத்தைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள். சொன்னால் நிஜமாகிவிடும் என்று பார்த்தேன் என்றார். அவளுக்கு அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடிக்கிற ஆளும் இல்லை அவள்.

"என்கிட்ட பேசறப்ப கதவப் பாக்குறது?"

"உன்னப் பாக்கத்தான்."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவின பாத்திரங்களையே மறுபடி கழுவினாள். திரும்பி வந்தபோது முகத்தைத் துடைத்திருந்தாள். துடைத்தது அவருக்குத் தெரியாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"நாளான்னைக்கு முதலாளிகிட்ட நீங்களே சொல்லணும். ஒழுகறது தண்ணித் தொட்டியா இருக்கறவரைக்கும் பரவால்ல. நாளைக்கு ஒரு மாடிக் கைப்பிடி பிடுங்கிக்கிட்டு வந்தா?"

"சொல்றேன்." பிறகு, "பிள்ளைங்க பாத்துட்டுப் போகட்டும். அதுவரைக்கும் அவங்களுக்குத் தெரிய வேணாம்," என்றார்.

அவள் பையை எடுத்துக்கொண்டாள். இருவரும் மாடி ஏறினார்கள். பசை விட்டுப்போச்சு, சரி பண்ணிக் காலையில் தருகிறோம் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி, கொடுத்த கண்ணாடிகளைத் திரும்ப வாங்கினார்கள். படியில் அவர் முன்னால் போனார், அவள் பின்னால். டிரைவர் மட்டும், என்னுடையது நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறது, தரமாட்டேன் என்று விளையாடினார். அவள் அவர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள். டிரைவருக்கு ஏதோ புரிந்தது, அல்லது புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அவள் பல்பைப் பார்த்தாள், அவர் சட்டத்தைப் பிரித்து ஒட்டினார். அவள் சரி என்றபோது மட்டும் அவர் ஒட்டினார். வெளிர்க் கண்ணாடிகளைச் சாக்கில் போட்டுச் சுத்தியலால் அவரே நொறுக்கினார். பத்தாத கருங்கண்ணாடிகளை, போன் செய்து கேட்டதும், கட்டையன் காலையில் கொண்டுவந்தான். வாசலிலேயே நின்றான்.

"அண்ணி, நான் சொல்லியிருக்கணும்."

"ஆமா," என்றாள். பிறகு, "சாப்பிட்டுப் போ. மேல எல்லாரும் வருவாங்க," என்றாள்.

அன்றைக்கு மேகம் இல்லை. மொட்டை மாடியில் பழைய விரிப்புகளைப் போட்டு, மொத்தக் குடியிருப்பும் ஏறிவிட்டது. துணிக்கொடிகளை ஒருபக்கமாகச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். மகளும் வாலும் காலையிலேயே வந்திருந்தார்கள். வால் தாத்தாவின் கையை விடவில்லை. சூரியனின் ஓரத்தை நிழல் தின்னத் தொடங்கியதும் ஒரே கூச்சல்.

"தாத்தா, எவ்ளோ கடிச்சிருக்கு சொல்லு?"

அவர் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தார். மனைவி அவருக்குப் பின்னால் நெருங்கி நின்றாள். படுக்கையைப் பிரித்துப் போட்ட பிறகு அவ்வளவு நெருக்கமாக நின்றதில்லை.

"கால்வாசி. வலது கீழ்ப்பக்கம்," என்றாள் அவர் காதுக்குள்.

"கால்வாசி இருக்கும். வலதுபக்கம், கீழ," என்றார் அவர்.

"கரெக்ட்டு," என்றது வால்.

அப்படியே போயிற்று. பாதி. பாதிக்கு மேல். நகம் மாதிரி. அவள் சொல்லச் சொல்ல அவர் சொன்னார். தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்ற கட்டையன் சூரியனைப் பார்க்காமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். மகள் ஒருமுறை திரும்பி, ரெண்டு பேரும் என்ன புதுசா ரகசியம் பேசுறீங்க என்று கேலி செய்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. போனில் அம்மா குரல் சரியில்லை என்று கவலைப்பட்டு வந்தவள் அவள்.

வெயில் வெளிறியது. காற்று குளிர்ந்தது. சுவரின் நிறம் மாறியது. பறவைகள் அவசரமாகத் திரும்பின. பிறகு யாரோ சுவிட்சை அணைத்ததுபோல் இருட்டியது. இப்ப கண்ணாடி வேணாம், கழட்டுங்க என்று டிரைவர் கத்தினார். எல்லோரும் கழற்றினார்கள்.

வெல்டரும் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு ஒரு சாயங்கால வானம் தெரிந்தது. எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒன்றுமில்லை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று சொன்னாள்.

"நடுவுல ஒண்ணுமே இல்லங்க. கரேல்னு வட்டமா ஓட்டை மாதிரி. சுத்தி ஓரம் மட்டும் வெளிச்சமா இருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வானத்திலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். அவர் இன்னும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதேதான்," என்றார்.

ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் தெறித்தது, டேக் அடித்ததுபோல். கண்ணாடியப் போடுங்க, போடுங்க என்று டிரைவர் கத்தினார். மகள் வாலின் கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள். கைதட்டல் கேட்டது. சுவர்களுக்கு நிறம் திரும்பி வந்தது.

"அவ்வளவுதான். சரியாயிடுச்சு," என்றாள் அவள்.

"உங்களுக்கெல்லாம்," என்றார் அவர். கசப்பில்லை. எந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று சொல்கிற குரல்.

விரிப்புகளை உதறி மடித்தார்கள். ஒவ்வொருவராகப் படியிறங்கினார்கள். வால் டிரைவரிடம் போய், எங்க தாத்தா எல்லாத்தையும் கரெக்ட்டாச் சொன்னாரு என்று பெருமையடித்துக்கொண்டிருந்தது. அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நேராகப் பார்த்து நின்றார். அவள் அவருக்கு எதிரே வந்தாள். அவர் வழக்கம்போலக் கண்ணை மாடிக் கதவுப் பக்கம் திருப்பப் போனார்.

"திருப்பாதீங்க. நேராவே பாருங்க," என்றாள்.

அவர் நேராகப் பார்த்தார். அவள் இல்லை. அவள் இடப்பக்கமாக ஒரு அடி வைத்தாள். அவரைப் பார்த்தாள். இன்னொரு அடி வைத்தாள். சுருட்டிக் கட்டிய துணிக்கொடி தலையில் இடித்தது. குனிந்து, மேலும் அரை அடி நகர்ந்தாள்.

"அங்கயே நில்லு," என்றார் அவர்.